இந்தியானா ஹூஸியர்ஸ் 2024: புதுக் கோச்சின் முதல் சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்தியானா பல்கலைக்கழக அணியின் பேரைச் சொன்னால் போதும், நண்பர்களும் சொந்தக்காரர்களும் வரிசையாகக் கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆட்டமே புதிது என்றால் முதலிலிருந்து படியுங்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் நேராக 4-ஆம் கேள்விக்குப் போகலாம்.

1. ஃபுட்பால்னு சொல்றாங்க, ஆனா பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடுறாங்களே, இது என்ன ஆட்டம்?

இது அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர், 100 யார்டு நீளத் திடல். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். நான்காவது முயற்சியில் முன்னேற வழியில்லை என்று தோன்றினால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அதற்குப் பேர் பன்ட். இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

2. காலேஜ் பசங்க ஆடுறதுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?

தொழில்முறை அணி இல்லாத ஊர்களிலும் மாநிலங்களிலும் பல்கலைக்கழக அணிதான் ஊரின் சொந்த அணி. அப்பாவும் தாத்தாவும் படித்த கல்லூரி என்ற பாசமும் சேர்ந்துகொள்கிறது. ப்ளூமிங்டன் ஊரில் உள்ள இந்தியானாவின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 50,000 பேருக்கு மேல் உட்காரலாம். மிச்சிகன், ஓஹாயோ ஸ்டேட் அரங்குகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம்.

3. சீசன் எப்படி நடக்கும்? எத்தனை மேட்ச்?

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முடிய 12 ஆட்டங்கள். இந்தியானா இருப்பது 'பிக் டென்' கான்ஃபரன்ஸில், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில். பேரில்தான் பத்து, 2024-இல் யூசிஎல்ஏ, யூஎஸ்சி, ஆரிகன், வாஷிங்டன் சேர்ந்த பிறகு அதில் 18 அணிகள். 12 ஆட்டங்களில் 9 கான்ஃபரன்ஸுக்குள், மீதி மூன்று வெளியே.

அதற்குப் பிறகு தேர்வுக் குழு ஒன்று நாடு முழுக்க இருந்து அணிகளைத் தேர்ந்தெடுத்து, தேசியப் பட்டத்துக்கான பிளே ஆஃப் நடத்துகிறது. 2023 வரை நான்கு அணிகளுக்குத்தான் இடம். 2024-இல்தான் முதன்முறையாக 12 ஆக்கினார்கள். பழைய முறையே தொடர்ந்திருந்தால் இந்தியானா அந்த வருடம் உள்ளேயே வந்திருக்காது.

4. இந்தியானா ஏற்கெனவே பெரிய டீம்தானே? பேரைக் கேள்விப்பட்டிருக்கேனே!

நீங்கள் கேள்விப்பட்டது கூடைப்பந்தாக இருக்கும். கூடைப்பந்தில் ஐந்து தேசியப் பட்டங்கள், அதில் மூன்று பாப் நைட் கோச்சாக இருந்த காலத்தில் வந்தவை. ஃபுட்பாலில் கதையே வேறு. நாட்டின் முதல்நிலைப் பிரிவில் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சந்தித்த அணி என்ற பேர்தான் 2024 தொடங்கும்போது அதற்கு இருந்தது. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாற்றில் ஒரு சீசனில் 10 வெற்றி என்பதை அது கண்டதே இல்லை. 1945-இலும் 1967-இலும் கிடைத்த 9 வெற்றிகள்தான் உச்சம்.

இதை மனதில் வைக்காமல் 2024-இன் அருமை புரியாது. ஜெயித்துப் பழகிய அணி இன்னொரு முறை ஜெயித்த கதை இல்லை இது.

5. பழைய கோச்சை ஏன் அனுப்பினாங்க? அவர் அவ்வளவு மோசமா?

டாம் ஆலன் மோசமான கோச் இல்லை. 2019-இல் 8 வெற்றி, கொரோனாவால் சுருங்கிய 2020-இல் 6 வெற்றி 2 தோல்வி என்று நன்றாகவே செய்தார். வீரர்கள் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் அடுத்த மூன்று வருடங்களில் 2-10, 4-8, 3-9. மூன்றும் சேர்த்து 9 வெற்றி, 27 தோல்வி.

வீரர்கள் கல்லூரி மாறும் விதிகள் தளர்ந்ததும் நிலவரம் வேகமாக மாறியது. அந்த மாற்றத்துக்கு அணி ஈடுகொடுக்கவில்லை என்பது என் கருத்து. 2023 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் 1.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது.

6. புது கோச் யாரு? எங்கிருந்து வந்தாரு?

கர்ட் சிக்னெட்டி. வந்தபோது வயது 62. அப்பா ஃபிராங்க் சிக்னெட்டியும் பேர் பெற்ற கல்லூரிப் பயிற்சியாளர். மகன் பல வருடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். 2007 முதல் 2010 வரை அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனிடம் ரிசீவர்களுக்கு (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) பயிற்சி கொடுத்து, புது வீரர்களைத் தேடிக் கொண்டுவரும் பொறுப்பையும் பார்த்தார். 2009-இல் அலபாமா தேசியப் பட்டம் வென்றபோது அவர் அங்கேதான் இருந்தார்.

அந்த வேலையை விட்டுவிட்டு 2011-இல் இரண்டாம் பிரிவிலுள்ள சின்னக் கல்லூரி ஒன்றுக்கு, ஐயூபிக்கு (இந்தியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா, நம் இந்தியானா வேறு), தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அப்பா முன்பு பயிற்சி கொடுத்த இடம் அது. ஐம்பது வயதை நெருங்கும்போது சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு கீழ்ப் பிரிவுக்குப் போவது லேசான முடிவு இல்லை. அங்கே 53-17, அப்புறம் ஈலானில் 14-9, ஜேம்ஸ் மேடிசனில் 52-9. கூட்டினால் 119 வெற்றி, 35 தோல்வி. தோல்விகள் மிகுந்த சீசன் என்று ஒன்றுகூட இல்லை.

7. "கூகுள் பண்ணிப் பாருங்க"ன்னு சொன்னவர் இவர்தானே? இது திமிர் இல்லையா?

இவர்தான். வந்த புதிதில், உங்களை நம்பி வீரர்கள் எப்படி வருவார்கள் என்று செய்தியாளர் சந்திப்பில் கேட்டபோது, "நான் ஜெயிக்கிறவன். கூகுளில் பாருங்கள்" என்றார். அதற்கு முன்பே ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நடுவே மைக்கைப் பிடித்து, பரம எதிரியான பர்டூவோடு மிச்சிகன், ஓஹாயோ ஸ்டேட் எல்லாவற்றையும் வம்புக்கு இழுத்திருந்தார்.

திமிர் என்று எடுத்துக்கொள்வது உங்கள் விருப்பம். அந்தப் பேச்சு தேவைப்பட்டது என்றுதான் நினைக்கிறேன். 4-ஆம் பதிலில் சொன்ன மாதிரி, தோற்பதே வழக்கம் என்று வீரர்களும் ரசிகர்களும் பழகிப்போன இடம் அது. புதிதாக வந்தவர் "கொஞ்சம் பொறுங்கள், அஞ்சு வருடத்தில் சரி செய்கிறேன்" என்று தொடங்கியிருந்தால் அந்தப் பழக்கம் அப்படியே தொடர்ந்திருக்கும். சொன்னதற்கு ஆதாரமாக 119 வெற்றிகளும் கையில் இருந்தன.

8. போன வருஷம் 3 வெற்றி, இந்த வருஷம் 11. ஒரே வருஷத்துல எப்படிங்க?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதம்தான் காரணம் என்பது என் பதில்.

முன்பெல்லாம் கல்லூரி மாறும் வீரர் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். அந்த விதி படிப்படியாகத் தளர்ந்து, 2024 வசந்தத்துக்குள் படிப்பில் தகுதியுள்ள வீரர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாகிவிட்டது. மாற விரும்புவோர் பேரைப் பதிவு செய்யும் இடம்தான் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். எல்லாக் கோச்சும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். பெரும்பாலோர் தேடியது பள்ளியில் நட்சத்திரமாக இருந்து பெரிய கல்லூரியில் வாய்ப்புக் கிடைக்காத பையன்களை. சிக்னெட்டி திறமை இருக்கிறது என்ற பேச்சைவிட, களத்தில் ஏற்கெனவே செய்து காட்டிய கணக்கைப் பார்த்தார். சின்னக் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு மூன்று வருடம் முழுசாக ஆடியிருக்க வேண்டும்.

ஜேம்ஸ் மேடிசனிலிருந்து மட்டும் 13 பேர் அவர் பின்னாலேயே வந்தார்கள். தடுப்பு அணியின் லைன்பேக்கர்கள் ஏய்டன் ஃபிஷர், ஜேலின் வாக்கர், டிஃபென்சிவ் எண்ட் மிகேல் கமாரா, கார்னர்பேக் டிஏஞ்சலோ பாண்ட்ஸ், ரிசீவர் எலைஜா சாரட் இவர்களில் சிலர். தாக்குதலுக்குப் பொறுப்பான மைக் ஷானஹனும் தடுப்புக்குப் பொறுப்பான பிரையன்ட் ஹெய்ன்ஸும் அங்கிருந்தே வந்தவர்கள். ஆக, புது அணிக்குக் கோச்சின் முறையைச் சொல்லிக்கொடுக்க ஏற்கெனவே அதில் ஊறிய ஒரு கூட்டமே உள்ளே இருந்தது. காலையில் எப்போது வரவேண்டும், பயிற்சியில் எவ்வளவு வேகம் வேண்டும் என்பதெல்லாம் சக வீரனைப் பார்த்தே புரிந்துவிடும். முதல் வருடத்தில் கோச்சுகள் இழக்கும் நேரம் இங்கே மிச்சமானது.

இன்னொன்றும் உண்டு. கொரோனா சீசன் கணக்கில் சேராது என்று விதி இருந்ததால் 22, 23 வயது அனுபவசாலிகள் அப்போது இன்னும் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்தியானா அதை நன்றாகப் பயன்படுத்தியது.

9. அப்போ காசு கொடுத்து வாங்கின டீம்தானே?

2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பேரையும் படத்தையும் வைத்து விளம்பரம் போன்றவற்றில் சம்பாதிக்கலாம். இந்தியானாவிலும் அந்தப் பணம் இருந்தது. ஆனால் பணம்தான் காரணம் என்றால், அதைவிட அதிகம் செலவழிக்கப் பேர் போன ஓஹாயோ ஸ்டேட், டெக்சஸ் போன்ற அணிகளின் வரிசையில் இந்தியானா எங்கோ பின்னால் இருந்திருக்க வேண்டும்.

வந்தவர்களில் பெரும்பாலோரைப் பெரிய கல்லூரிகள் துரத்தவே இல்லை. பாண்ட்ஸின் உயரம் ஆறடிக்கு ரொம்பவே குறைவு. அதனாலேயே பலர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

10. குவாட்டர்பேக் யாரு? உடைஞ்ச முட்டியோட ஆடினார்னு சொல்றது நிஜமா?

நிஜம். கர்ட்டிஸ் ரூர்க், கனடாவின் ஓக்வில்லைச் சேர்ந்தவர், ஓஹாயோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் (ஓஹாயோ ஸ்டேட் வேறு, இது வேறு). சீசன் தொடங்கும் முன் பயிற்சி முகாமிலேயே முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்துச் சீசனை ஆடி முடித்தார். சீசன் முடிந்து 2025 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. 29 டச்டவுன் பாஸ், 3,000 யார்டுக்கு மேல், எதிரணி பறித்தவை ஐந்தே ஐந்து.

போதாததற்கு நெப்ராஸ்கா ஆட்டத்தில் பந்து எறியும் கையின் கட்டை விரலில் அடி. அதனால் அவர் தவறவிட்டது ஒரே ஒரு ஆட்டம், வாஷிங்டனுக்கு எதிரானது. அதில் அவருக்குப் பதில் டேவன் ஜாக்சன் இறங்கினார். பிற்பாடு சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ் என்ற தொழில்முறை அணி ரூர்க்கைத் தேர்வு செய்தது. அவர் மேல் எனக்குள்ள மரியாதை அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து இன்னும் கூடிவிட்டது.

11. மேட்ச் மேட்ச்சா என்ன ஸ்கோர்?

ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் 31-7, வெஸ்டர்ன் இலினாய் 77-3, யூசிஎல்ஏ 42-13, சார்லட் 52-14, மேரிலாண்ட் 42-28, நார்த்வெஸ்டர்ன் 41-24, நெப்ராஸ்கா 56-7, வாஷிங்டன் 31-17, மிச்சிகன் ஸ்டேட் 47-10, மிச்சிகன் 20-15. பத்தும் வெற்றி. அப்புறம் ஓஹாயோ ஸ்டேட்டிடம் 15-38 தோல்வி, பர்டூவை 66-0 என்று துவைத்த வெற்றி, பிளே ஆஃபில் நோட்ர டேமிடம் 17-27 தோல்வி. மொத்தம் 11-2. கான்ஃபரன்ஸுக்குள் 8-1. ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தது 41.3 புள்ளி, கொடுத்தது 15.6.

சீசனுக்கு முன் செய்தியாளர்கள் கணிப்பில் இந்தியானாவுக்குக் கிடைத்தது 18 அணிகளில் 17-ஆம் இடம்.

12. இதுல நிஜமாவே கஷ்டப்பட்டு ஜெயிச்சது எது?

மிச்சிகன். 11 வெற்றிகளில் 14 புள்ளிக்குக் குறைவான வித்தியாசம் அது ஒன்றில்தான். முதல் பாதியில் 17-3 என்று முன்னிலை பெற்ற இந்தியானா, இரண்டாம் பாதியில் தடுமாறியது. கடைசியில் தடுப்பு அணிதான் காப்பாற்றியது. அந்த வெற்றிதான் 4-ஆம் பதிலில் சொன்ன அந்த 10-ஆவது வெற்றி, அதுவும் தோல்வியே இல்லாமல்.

மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். அதுவரை எட்டு ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூடப் பின்தங்காத அணி, அங்கே 0-10 என்று பின்தங்கியது. பதறவில்லை. அடுத்த 47 புள்ளிகளும் இந்தியானாவுக்கே.

13. ஓஹாயோ ஸ்டேட்கிட்ட ஏன் அப்படிச் சரிஞ்சாங்க?

சரிந்தது ஸ்கோர் காட்டுகிற அளவுக்கு இல்லை. முதல் டச்டவுன் இந்தியானாவுடையதுதான். இடைவேளைக்குச் சற்று முன் பன்ட் செய்ய வந்த பந்து கை நழுவி, எல்லைக் கோட்டருகே ஓஹாயோ ஸ்டேட்டிடம் சிக்கியது, உடனே டச்டவுன். இரண்டாம் பாதி தொடங்கியதும் இன்னொரு பன்டைப் பிடித்த கேலப் டவுன்ஸ் 79 யார்டு ஓடி இன்னொன்று. உதை ஆட்டத்தில் போன 14 புள்ளிகள் இவை.

ஆனால் மூடி மறைக்க முடியாத ஒன்றும் இருந்தது. ரூர்க்கைப் பாதுகாக்க வேண்டிய முன்வரிசை தாக்குப்பிடிக்கவில்லை. ஐந்து முறை அவரை வீழ்த்தினார்கள், பாஸில் 68 யார்டுதான் வந்தது. முட்டி விஷயம் தெரிந்த பிறகு அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது.

14. 8-1 எடுத்தும் பிக் டென் ஃபைனல் ஏன் ஆடலை?

ஆரிகன் தோல்வியே இல்லாமல் முதலிடம். இந்தியானாவும் பென் ஸ்டேட்டும் 8-1 என்று சமம், இரண்டும் ஓஹாயோ ஸ்டேட்டிடம் மட்டும் தோற்றவை, ஒன்றோடொன்று மோதவும் இல்லை. சமநிலையை முறிக்கும் விதிகள் பென் ஸ்டேட் பக்கம் போய்விட்டன. 18 அணிகள் இருக்கும்போது இப்படித்தான் ஆகும்.

15. குழு 8-ஆவது ரேங்க் கொடுத்துச்சு, ஆனா பிளே ஆஃப்ல 10-ஆவது இடம். கணக்கு இடிக்குதே?

அந்த வருட விதிப்படி முதல் நான்கு இடங்கள் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு மட்டும். அதனால் 9-ஆவது ரேங்கில் இருந்த பாய்சி ஸ்டேட்டும் 12-ஆவது ரேங்கில் இருந்த அரிசோனா ஸ்டேட்டும் மேலே ஏறின, இந்தியானா இரண்டு படி இறங்கியது. அடுத்த வருடமே விதியை மாற்றிவிட்டார்கள்.

16. நோட்ர டேம் மேட்ச்ல கோச் பயந்துட்டாரா?

2024 டிசம்பர் 20, நோட்ர டேமின் ஊரான சவுத் பெண்ட். கல்லூரி வளாகத்தில் நடந்த முதல் பிளே ஆஃப் ஆட்டம் அதுதான். தொடக்கத்திலேயே நோட்ர டேமின் ஜெரமையா லவ் 98 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். இந்தியானாவுக்கு அதற்குப் பிறகு மூச்சே வரவில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் வந்த இரண்டு டச்டவுன்கள் ஸ்கோரைக் கொஞ்சம் மரியாதையாக்கின, அவ்வளவுதான்.

நான்காம் கால் பகுதியில் 17 புள்ளி பின்தங்கியிருந்தபோது சிக்னெட்டி பன்ட் செய்யச் சொன்னார். அது தவறு. பிளே ஆஃபில் தோற்றால் அதோடு சீசன் முடிந்தது, பந்தை விட்டுக்கொடுத்து எதற்குக் காத்திருப்பது? 7-ஆம் பதிலில் அவ்வளவு துணிச்சலாகப் பேசியவர் களத்திலும் அப்படி ஆடியிருக்க வேண்டும் என்று ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம்தான்.

17. சுலபமான டீம்களை அடிச்சு மேல வந்தாங்க, பெரிய டீம் வந்ததும் தோத்தாங்க. சரிதானே?

பாதி சரி. வழக்கமான சீசன் முடிந்தபோது, இந்தியானா தோற்கடித்த 11 அணிகளில் தோல்வியைவிட வெற்றி அதிகம் வைத்திருந்தது 7-5 மிச்சிகன் மட்டுமே. இதை ரசிகர்கள் மறுக்கக் கூடாது. 9-3 எடுத்த அலபாமாவை விட்டுவிட்டு இந்தியானாவை எடுத்ததால் எழுந்த சண்டைக்கும் இதுதான் அடிப்படை.

மறுபாதி இது. அந்த அட்டவணையில் 9 ஆட்டங்களைப் போட்டது இந்தியானா இல்லை, கான்ஃபரன்ஸ். முந்தைய வருடத் தேசிய இறுதிப் போட்டியில் ஆடிய மிச்சிகன், வாஷிங்டன் இரண்டுமே அதில் இருந்தன. இரண்டும் கோச் மாறி வலுவிழந்திருக்கும் என்பதற்கு இந்தியானா என்ன செய்யும்? அப்புறம், அது தோற்றது யாரிடம்? ஓஹாயோ ஸ்டேட், நோட்ர டேம். 2025 ஜனவரி 20 அன்று தேசிய இறுதிப் போட்டியில் மோதியவை இந்த இரண்டும்தான், 34-23 என்று ஓஹாயோ ஸ்டேட் வென்றது. சுமாரான அணிகளைப் பெரிய வித்தியாசத்தில் வாராவாரம் வெல்வதும் சாதாரணமில்லை. அதே கல்லூரி முந்தைய வருடம் ஏக்ரனை வெல்ல நான்கு ஓவர்டைம் ஆட வேண்டியிருந்தது.

18. நடு சீசன்ல சம்பளத்தை ஏத்தினாங்களாமே? மாணவர்கள் கட்டுற ஃபீஸ்ல இருந்தா?

ஓஹாயோ ஸ்டேட் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்குச் சுமார் 80 லட்சம் டாலர். வேறு பெரிய கல்லூரிகள் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கவலைதான் அவசரத்துக்குக் காரணம். பிக் டென்னின் பெரிய வருமானம் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சிகளோடு உள்ள ஏழு வருட ஒப்பந்தம், மொத்தம் 700 கோடி டாலருக்கு மேல். அதோடு டிக்கெட், நன்கொடை. ஒரு பல்கலைக்கழகம் பயிற்சியாளருக்கு இவ்வளவு கொடுக்கலாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அது நாடு முழுக்க உள்ள ஏற்பாட்டைப் பற்றிய கேள்வி.

19. ஜேம்ஸ் மேடிசன் பாவம் இல்லையா?

எனக்கும் மனசு உறுத்திய விஷயம் இது. கோச், உதவியாளர்கள், 13 வீரர்கள் எல்லாரும் ஒரே குளிர்காலத்தில் போனார்கள். ஆனால் அந்தக் கல்லூரி பாப் செஸ்னியைக் கொண்டுவந்து 2024-இல் 9-4 எடுத்தது, வழக்கமான சீசனுக்குப் பிறகு நடக்கும் பவுல் ஆட்டம் ஒன்றையும் வென்றது. நல்ல அடித்தளம் போட்டுவிட்டுத்தான் சிக்னெட்டி போயிருக்கிறார்.

20. ஒரு வருஷ அதிர்ஷ்டம்னு சொன்னவங்க இப்போ என்ன சொல்றாங்க?

அடுத்த வருடமே பதில் வந்துவிட்டது. 2025-இல் ரூர்க் இடத்துக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசாவைச் சிக்னெட்டி கொண்டுவந்தார். மெண்டோசா, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினார். பிக் டென் இறுதியில் ஓஹாயோ ஸ்டேட்டை 13-10, பிளே ஆஃப் காலிறுதியான ரோஸ் பவுலில் அலபாமாவை 38-3, தேசிய இறுதியில் மயாமியை 27-21 என்று வென்று 16-0. ஃபிஷர், கமாரா, பாண்ட்ஸ், சாரட் நால்வரும் அந்த அணியிலும் இருந்தார்கள். 8-ஆம் பதிலில் சொன்ன தேர்வு முறையின் பலன் இது.

21. எனக்கு ஒரே ஒரு மேட்ச் பார்க்கத்தான் நேரம். எதைப் பார்க்கட்டும்?

ஆட்டம் புதிது என்றால் நெப்ராஸ்கா. 5-1 என்று வந்த அணியை 56-7 என்று பிரித்துப் போட்டார்கள், குவாட்டர்பேக் பாதியில் வெளியேறியும் வேகம் குறையவில்லை. ஆட்டம் ஓரளவு புரியும் என்றால் மிச்சிகன் ஆட்டத்தின் இரண்டாம் பாதியைப் பாருங்கள். குறிப்பாகத் தடுப்பு அணியில் ஃபிஷர் ஒவ்வொரு முயற்சிக்கும் முன் மற்றவர்களை எங்கே நிற்க வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.